நுரைக்கல்: தண்ணீரில் மிதக்கும் எரிமலைத் துண்டு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் என் பெறாமகள் சாம்பல் நிறக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்து வாளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. "சித்தப்பா, இது கணவாய் ஓடுதானே?" என்றாள். கணவாய் மீனின் ஓடு வெள்ளையாக இருக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். இதுவோ கரடுமுரடாக, உடம்பெல்லாம் துளையாக இருந்தது. குதிகால் தேய்க்கக் கடைகளில் 'பியூமிஸ் கல்' என்று விற்கிறார்களே, அது.

பியூமிஸ் என்னும் சொல் லத்தீன் 'பூமெக்ஸ்' வழியாக வந்தது. நுரையைக் குறிக்கும் 'ஸ்பூமா' அதற்கு உறவுச் சொல். தமிழில் நுரைக்கல் என்பது அந்தப் பொருளை அப்படியே தாங்குகிறது. கடலில் மிதந்து வருவதால் 'கடல்நுரை' என்று சொல்லிவிடத் தோன்றும், வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கணவாய் ஓட்டைத்தான் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

கல் எப்படி நுரைக்கும்? நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் வேறு வளிமங்களும் கரைந்திருக்கின்றன. மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழிகள் பொங்குகின்றன. இளகிய குழம்பென்றால் குமிழிகள் எளிதில் தப்பிவிடும், குழம்பு ஆறாக வழிந்தோடும். சிலிக்கா மிகுந்த கெட்டிக் குழம்பு அவற்றை விடாது. அழுத்தம் தாங்காமல் மலையே வெடிக்கும். வானில் எறியப்பட்ட நுரை, குமிழி கலையுமுன் கண்ணாடியாக உறைந்தால் அது நுரைக்கல். குமிழிச் சுவர்கள் நொறுங்கினால் கிடைப்பதை 'எரிமலைச் சாம்பல்' என்கிறோம்.

இந்தச் சாம்பலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. விறகு எரிந்து மிஞ்சுவது சாம்பல். இங்கே எரிந்தது எதுவும் இல்லை. 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைந்த பாறையும் கண்ணாடியும்தான். 1982இல் ஜாவாவின் காலுங்குங் எரிமலை கக்கிய இத்தூளுக்குள் புகுந்த பயணிகள் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்றன. தூள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டதே காரணம். நல்லவேளை, கீழே இறங்குகையில் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. அடுப்புச் சாம்பல் இந்த வேலையைச் செய்யாது. 'எரிமலைத் துகள்' என்று எழுதினால் பொருள் கெடாது. எரிமலை என்ற பெயரிலும் இதே பிழை இருக்கிறது, ஆனால் அது வேரூன்றிவிட்டது, விட்டுவிடுவோம்.

பக்கத்து வீட்டு மாமி, கல் கன்னியாவில் இருந்து வந்திருக்கும் என்றார். அங்குள்ள வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் எரிமலை இருப்பதாக இங்கே பலருக்கு நம்பிக்கை. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. ஆழத்துக்கு இறங்கும் நிலத்தடி நீர் அங்குள்ள வெப்பத்தில் சூடேறி, பாறை வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான்.

நுரைக்கல்லுக்குக் கடல்தான் பாதை. 1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கற்கள் திட்டுத்திட்டாக இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கக் கரைவரை போயின. 2021இல் ஜப்பானின் தெற்கே ஒரு கடலடி எரிமலை வெடித்தது. இரண்டு மாதத்தில் ஒகினாவாவின் துறைமுகங்கள் நுரைக்கல்லால் மூடிக்கிடந்தன. எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் குழாயில் கல் அடைத்துவிடும் என்பதால் மீன்பிடிப் படகுகள் கரையிலேயே நின்றன.