கையடக்கக் கணினியில் ஓர் இடம் எண்ணாவது எப்படி?

காட்டில் பறவைக் கூடுகளைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வாளர், தம் நோட்டுப் புத்தகத்தில் "ஓடைக்கு மேற்கே, பட்டுப்போன மரத்தின் தாழ்ந்த கிளையில்" என்று எழுதி வைக்கிறார். சில வாரங்கள் கழித்து வேறொருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது, எந்த ஓடை, எந்த மரம் என்று கேட்டுத் தெளிய வழியிருப்பதில்லை. மழைத்துளி பட்ட 1 என்னும் இலக்கம் 7 ஆகவும் படிக்கப்படலாம். ஜி.பி.எஸ். ரிசீவர் பொருத்திய கையடக்கக் கணினி, பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையிலான இந்த இடைவெளியை மூடுகிறது. என்ன பார்த்தோம், எங்கே பார்த்தோம், எப்போது பார்த்தோம் ஆகிய மூன்றும், பார்த்த இடத்திலேயே ஒரே பதிவாகச் சேர்ந்துவிடுகின்றன.

இந்தச் சேர்க்கையின் வலிமையை மிக அழகாகக் காட்டியது, 1990களில் தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லீபன்பெர்க் உருவாக்கிய சைபர்டிராக்கர் என்னும் மென்பொருள். விலங்குகளின் காலடித் தடங்களைக் கொண்டே அவற்றின் நடத்தையைச் சொல்லக்கூடிய தேர்ந்த தடம் காண்போர் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் திரையிலுள்ள சிறு படங்களைத் தொட்டு, எந்த விலங்கு, அது என்ன செய்தது என்பதைப் பதிவு செய்தார்கள்; இடத்தை ஜி.பி.எஸ். தானே எழுதிக்கொண்டது. காட்டை மிக நன்றாக அறிந்தவர்களின் அறிவு, எழுத்து என்னும் தடையைத் தாண்டி நேரடியாக அறிவியல் தரவாக மாறிய அந்த நிகழ்வை, இத்துறையின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

இனி, இடம் எவ்வாறு எண்ணாகிறது என்று பார்ப்போம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் தன் பாதை பற்றிய விவரங்களையும் ரேடியோ அலையில் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கையிலுள்ள கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. கைபேசிக் கோபுரமே இல்லாத இடத்திலும் அது வேலை செய்வது இதனால்தான். அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது சுமார் 0.07 வினாடியை, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். அவ்வாறு மூன்று தொலைவுகள் தெரிந்தால், நாம் நிற்கும் புள்ளியைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் சுமார் 300 மீட்டர் செல்லும். கையடக்கக் கருவியில் உள்ளதோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். அதன் சிறு பிழைகூட நம்மைப் பல கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிடும். இதற்குக் கண்ட தீர்வு, எத்தனை முறை நினைத்தாலும் வியப்பூட்டுவது. கருவியின் கடிகாரம் எவ்வளவு பிழையோ, அதே பிழைதான் எல்லாத் தொலைவுகளிலும் ஒரே அளவில் கலந்திருக்கிறது. எனவே இடத்தைக் குறிக்கும் மூன்று அறியாத எண்களோடு அந்தப் பிழையையும் நான்காவது அறியாத எண்ணாகக் கொண்டு, நான்காவது செயற்கைக்கோளையும் சேர்த்து நான்கு சமன்பாடுகளைத் தீர்த்தால், இடமும் சரியான நேரமும் ஒருங்கே கிடைக்கின்றன. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கருவிகளில் பதிந்த தரவுகளை நேர வரிசையில் கோக்க முடிவது இதனால்தான். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகமும் ஈர்ப்பும் நேரத்தின் ஓட்டத்தை மாற்றும் சார்பியல் விளைவுகளால், தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி விரைந்து ஓடுவதையும் இவ்வமைப்பு சரிசெய்கிறது. செய்யாவிட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குத் தொலைவுப் பிழை சேர்ந்துவிடும்.

கருவியை இயக்கியவுடன் இடம் தெரிவதில்லை என்று களப்பணியாளர்கள் பொறுமை இழப்பதுண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரங்களை வினாடிக்கு 50 பிட் என்னும் மிக மெதுவான வேகத்தில், 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. கைபேசிகள் இந்த விவரங்களை இணையத்தின் வழியே நொடியில் பெற்றுவிடும். இணையம் இல்லாத இடத்தில் அலையிலிருந்துதான் கேட்டாக வேண்டும். ஆகவே நடந்துகொண்டே காத்திருப்பதைவிட, திறந்த வானத்தின் கீழ் ஓரிரு நிமிடங்கள் அசையாமல் நிற்பதே மேல்.

இடம் தெரிந்த பிறகும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நிற்கிறது. களத் தரவில் மிக அடிக்கடி மறக்கப்படுவது இதுவே. ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆகையால், ஐந்தாவது தசம இடம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். எட்டாவது இடம் மில்லிமீட்டரைக் குறிக்கும். கருவி எட்டு தசம இடங்களைக் காட்டுகிறது என்பதற்காக அது மில்லிமீட்டரை அளக்கிறது என்று பொருளல்ல. திறந்த வெளியில் கைபேசியின் பிழை சுமார் 5 மீட்டர். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துகிறது; பாறையிலும் கட்டடச் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை, நேர்வழியில் வந்த அலையோடு கலந்து தொலைவைக் கூட்டிக் காட்டுகிறது; அடர்ந்த இலைகள், அதிலும் ஈரமான இலைகள், ஏற்கெனவே மிக வலுவற்ற அலையை மேலும் மங்கச் செய்கின்றன. செயற்கைக்கோள்கள் வானின் ஒரே பகுதியில் நெருங்கி நின்றால், சிறு பிழைகளும் பெருகிவிடும். எனவே ஒவ்வொரு பதிவிலும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு கருவி மதிப்பிடும் பிழை அளவும், எத்தனை செயற்கைக்கோள்கள் பயன்பட்டன என்பதும் சேமிக்கப்பட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 3 மீட்டர் பிழையுள்ள புள்ளியும் 60 மீட்டர் பிழையுள்ள புள்ளியும் வரைபடத்தில் ஒரே மாதிரியான கரும்புள்ளிகளாகவே தோன்றும்.

இதைவிடக் கூடுதல் துல்லியம் வேண்டுவோர், இடம் முன்பே துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு ரிசீவரை நிறுத்துகிறார்கள். அங்கே தென்படும் பிழையே அருகிலுள்ள கருவிக்கும் பெரும்பாலும் பொருந்துவதால், அதைக் கழித்துவிடலாம். அலையில் ஏற்றி அனுப்பப்படும் வழக்கமான நேரக் குறியீடுகளோடு நிற்காமல் சுமார் 19 செ.மீ. நீளமுள்ள அலையின் நிலையையே அளக்கும் முறையில், சென்டிமீட்டர் துல்லியமும் எட்டப்படுகிறது. ஆனால் கூடுகளைக் கணக்கெடுக்க அது தேவையில்லை.

கருவியின் திரையில் நிரப்பும் படிவத்தை வடிவமைப்பதிலும் இதே அக்கறை வேண்டும். இனத்தின் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வைத்தால் எழுத்துப் பிழைகள் மறையும். மரத்தின் உயரம் 400 மீட்டர் என்று பதிந்தால் கருவி அங்கேயே தடுத்துக் கேட்கும். "பூஜ்யம்" என்பதும் "பார்க்கவில்லை" என்பதும் வேறுவேறு விடைகளாக இருக்க வேண்டும். இடம் கிடைக்காத வேளையில் சில மென்பொருள்கள் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் பூஜ்யம் என்று எழுதிவிடுவதால், உலகெங்கும் எடுக்கப்பட்ட பதிவுகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடலில் புள்ளிகளாய்க் குவிகின்றன. 12 பாகை 30 நிமிடத்தை யாரோ 12.30 பாகை என்று எழுதிவிட்டால், புள்ளி 22 கி.மீ. நகர்ந்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பூமியின் மீது எப்படிப் பொருத்துவது என்று வரையறுக்கும் அடிப்படைகள் பல உண்டு; பழைய வரைபடங்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அல்லாத வேறு அடிப்படையில் வரையப்பட்டிருந்தால், புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேலும் விலகி விழலாம்.

நேரத்துக்கும் இப்படியொரு சிக்கல் உண்டு. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 10 பிட் எண்ணால் எண்ணுவதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அண்மையில் 2019 ஏப்ரலில் அவ்வாறு திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில, அதன்பின் இடத்தைச் சரியாகக் காட்டியபடியே தேதியை மட்டும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் முந்தையதாகப் பதிந்தன. அத்தகைய பதிவின் தேதியோடு அந்த 1,024 வாரங்களை, அதாவது 7,168 நாட்களைக் கூட்டினால், கூட்டைப் பார்த்த அந்த நாள் திரும்பக் கிடைத்துவிடும்.