டிஸ்சார்ஜுக்கு முன் குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்த்தார்களா?

பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன், தோல்மேல் வைக்கும் கருவியால் மஞ்சள் காமாலை பார்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரை இது. மஞ்சளாகத் தெரிகிற குழந்தைக்கு மட்டுமல்ல, எல்லாக் குழந்தைக்கும். சட்டமில்லை, பரிந்துரைதான். அதனால் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.

அது ஏன் டிஸ்சார்ஜ் நேரத்தில்? நிறைமாதக் குழந்தைகளிலேயே நூற்றுக்கு 60 பேர் அளவுக்கு முதல் வாரத்தில் மஞ்சளாவார்கள். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருள் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுவது 3 முதல் 5-ஆம் நாளுக்குள். அதற்குள் பல தாய்மார்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அளவு மிகவும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு, காது கேளாமை, கை கால் அசைவுக் கோளாறு என்று வாழ்நாள் முழுக்க நிலைத்துவிடும். இத்தனைக்கும் நேரத்தில் கண்டுபிடித்து நீல ஒளியில் படுக்க வைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால்தான் இதை விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்ணால் பார்த்தாலே தெரியாதா? தோல் கறுப்பாக இருந்தாலோ வெளிச்சம் மங்கலாக இருந்தாலோ அனுபவப்பட்டவர்களே ஏமாந்துபோவார்கள்.

கருவி கைக்குள் அடங்கும். நெற்றியிலோ நடு நெஞ்செலும்பின் மேலோ வைத்து லேசாக அழுத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம். தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்து எண் காட்டும். குதிகாலில் ஊசி குத்த வேண்டியதில்லை.

அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான்காம் நாளில் 12 மில்லிகிராம் என்றால், நலமான நிறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். அதே 12 பிறந்த மறுநாளே வந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

கருவி சொல்வதே முடிவல்ல. சிகிச்சை தொடங்கும் அளவை எண் நெருங்கினால் ரத்தப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்துவார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சளானாலும் ரத்தம்தான் பார்க்க வேண்டும். நீல ஒளி கொடுத்தபின் தோல் வெளுத்துவிடுவதால் கருவி குறைவாகவே காட்டும்.

அப்புறம், பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஒருமுறை குழந்தையைக் காட்ட வேண்டும் என்பதும் அதே பரிந்துரைகளில் உண்டு. அதற்கு முன்பே குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளானாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.