கணினிப் பெட்டிக்குள் ஓடும் 12 வோல்ட்

சென்னை ரிச்சி தெருவில் மேசைக் கணினிக்கான பாகங்களுக்கு விலை கேட்டால், பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாளின் கடைசி வரியில்தான் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி, இடம்பெறும். கையிலிருக்கும் பணம் போதவில்லை என்றால் முதலில் குறைக்கப்படுவதும் அதுதான். மேலே எழுதப்பட்ட அத்தனை பாகங்களும் அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் மின்சாரம் பெறுகின்றன என்பதால், அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைச் சரிபார்ப்பது எளிது. பிராசசரை முடிவு செய்தால், மதர்போர்டில் அது உட்காரும் இடமான சாக்கெட் முடிவாகிவிடும். சாக்கெட் முடிவானால் எந்த மதர்போர்டு, எந்த ரேம் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 ரேம் மட்டுமே வேலை செய்யும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகளே இருந்தாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. மின்சாரம் போதுமா என்பதைக் காட்ட இப்படி ஒரு வெட்டு கிடையாது. போதாத எஸ்எம்பிஎஸ்ஸும் கச்சிதமாகப் பொருந்தி, முதல் நாள் நன்றாகவே ஓடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 7600 பிராசசர் 65 வாட் என்று குறிப்பிடப்பட்டாலும், முழு வேகத்தில் அது 88 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் என்று வைத்தால் மொத்தம் 253 வாட். அப்படியானால் 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும்.

என் தம்பியின் கணினியிலும் அப்படித்தான் நினைத்தோம். விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் சட்டென்று அணைந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருந்த அட்டவணையை டார்ச் வெளிச்சத்தில் படித்தோம். மேலே பெரிய எழுத்தில் 450 என்று இருந்தது; 12 வோல்ட் கட்டத்திலோ 18 ஆம்பியர் என்று இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வாட். ஆகவே 12 வோல்ட் மின்சாரம் வெளிவரும் பாதையில் கிடைக்கக்கூடியது 216 வாட் மட்டுமே. மீதி, 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளின் கணக்கில் இருந்தது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக 12 வோல்ட் பாதையிலிருந்தே எடுப்பதால், அந்த மீதியால் எங்களுக்குப் பயன் இருக்கவில்லை. கடையில் பெட்டியைத் திருப்பி, 12 வோல்ட் கட்டத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 45 ஆம்பியர் அளவில் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகின்றன. அதிர்வெண் உயர உயர மின்மாற்றி சிறியதாகலாம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலேயே இதைச் செய்ய முயன்றால் பல கிலோ எடையுள்ள மின்மாற்றி தேவைப்படும். மறுபக்கம் வரும் குறைந்த வோல்ட் மின்சாரம் சீராக்கப்பட்டு, 12 வோல்ட்டிலிருந்து விலகாதபடி தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. இந்த மாற்றத்தில் வீணாகும் மின்சாரம் வெப்பமாகிறது: 250 வாட் வேலைக்கு 90 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுமார் 28 வாட்டை வெப்பமாக்கும், 75 சதவீதத் திறனுள்ளதோ 83 வாட்டை வெப்பமாக்கும். மே மாத அறையில் இந்த வித்தியாசம் விசிறியின் சத்தத்திலேயே தெரியும்.

அந்தப் பெரிய மின்தேக்கிக்கு நம் ஊரில் இன்னொரு முக்கியத்துவம் உண்டு. மின்சாரம் போகும்போது சாதாரண யுபிஎஸ் தன் பேட்டரிக்கு மாறச் சில மில்லிவினாடிகள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை கணினியைத் தாங்குவது மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்னூட்டமே. முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லிவினாடி தாங்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த அளவுகோல். விலையைக் குறைக்கச் சிறிய மின்தேக்கி வைக்கப்பட்டிருந்தால், யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும். பழியோ யுபிஎஸ் மீது விழும்.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே மின்சாரத்தைப் பின்தொடர்ந்து செல்லலாம். பிராசசர் 12 வோல்ட்டை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அதற்குத் தேவை சுமார் 1.2 வோல்ட். 88 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 73 ஆம்பியர் ஓட வேண்டும். சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சுற்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதால், அதன் மேல் தடித்த உலோக வெப்பத்தகடு உள்ள மதர்போர்டுக்குச் சற்று கூடுதலாகப் பணம் கொடுக்கலாம். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் பிராசசர் உடனே விழித்துக்கொள்வதில்லை. எஸ்எம்பிஎஸ் தன் எல்லாப் பாதைகளும் நிலைப்பட்டதை உறுதி செய்துகொண்டு, அரை வினாடிக்குள் ஒரு தனிக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சைகை அனுப்புகிறது. அந்தச் சைகை கிடைத்த பிறகே பிராசசர் தன் முதல் கட்டளையைப் படிக்கத் தொடங்கும்.