காய்ச்சல் விட்ட மறுநாள்

போன ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை. ஏழு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு துணை தாசில்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போதே அவர் செல்போன் அடித்தது. "மாப்ள, சர்வேயர் நாளைக்கு வந்துடுவாரு. உட்பிரிவு பட்டா இந்த வாரமே முடிச்சுடலாம்டா." பேச்சு நண்பனிடம், கண் மகனிடம்.

"நாலு நாளா காய்ச்சல் சார். நேத்து ராத்திரி விட்டுருச்சு. அதான் இவரு காலைல ஃப்ரெண்டோட நிலத்தைப் பார்க்கக் கிளம்பிட்டாரு. பையன் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான்னு நான்தான் திரும்பி வரச் சொன்னேன்" என்றார் அம்மா.

காய்ச்சல் விட்டால் நோயும் விட்டது என்றுதான் நினைக்கிறோம். டெங்குவில் கணக்கு வேறு. பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதையொட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். அப்போதுதான் சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி ரத்தக் குழாய்களிலிருந்து கசிகிறது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, துவண்டு கிடப்பது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பையனின் விரல் நுனியை அழுத்தி விட்டேன். 2 நொடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு 3 நொடி தாண்டியும் வரவில்லை. "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?" அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மா, "நேத்து ராத்திரி" என்றார்.

"பிளேட்லெட் எவ்வளவு சார்?" என்றுதான் அப்பா கேட்டார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பையில் பப்பாளி இலைச்சாறு பாட்டில்கூட இருந்தது. நான் பார்த்தது பிசிவியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை. மூன்று நாள் முன்பு 36, இப்போது 44. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கசிவுக்கு அதுதான் சாட்சி. உடனே வார்டில் சேர்த்து, எடைக்கு ஏற்ப டிரிப்ஸ் ஆரம்பித்தோம். நல்லவேளை, வீட்டில் பாராசிட்டமால் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரோஃபெனோ மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப்போ கொடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

அவரை அசட்டையான அப்பா என்று சொல்ல மனம் வரவில்லை. நண்பனிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்ல வாய் வராத மனிதர், அவ்வளவுதான். பட்டா ஒரு வாரம் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நானும் யோக்கியன் இல்லை. நண்பர்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, "காய்ச்சல் விட்டுடுச்சு, பயமில்லையே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லடா, தூங்கு" என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு சலுகைதான். இப்போதெல்லாம் சிறுநீர் போனானா என்று கேட்காமல் வைப்பதில்லை.

மறுநாள் ரவுண்ட்ஸ் போனபோது அவர் கையில் ஒரு நோட்டு. பையன் எப்போது, எவ்வளவு சிறுநீர் போனான் என்று மணிவாரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் தேதியோடு சுருக்கொப்பம் போட்டிருந்தார்.