மெட்டாடேட்டா: சொல்லும் பொருளும்

ஒளிப்படம் எடுப்பவர்கள் இருவர் பேசிக்கொள்ளும்போது “மெட்டாடேட்டா எல்லாம் போச்சு” என்ற புலம்பல் காதில் விழலாம். படம் அப்படியே இருக்கும். யார் எடுத்தது, என்றைக்கு எடுத்தது, உரிமை யாருடையது என்பதுதான் போயிருக்கும்.

சொல்லின் முற்பாதி கிரேக்கம். ‘மெட்டா’ என்றால் பிறகு, அப்பால். அரிஸ்டாட்டிலின் எழுத்துகளை அடுக்கியபோது இயற்பியலுக்கு அடுத்து வைத்த பகுதிக்கு ‘இயற்பியலுக்குப் பின் வருபவை’ என்ற பொருளில் ‘மெட்டாஃபிசிக்ஸ்’ என்ற பெயர் வந்தது. அந்தப் பகுதி உலக இருப்பின் அடிப்படைகளை ஆராய்ந்ததால், மெட்டா என்றாலே ஒரு படி விலகி நின்று ஒன்றைப் பற்றிப் பேசுவது என்று பிற்காலத்தில் பொருள் ஏறிவிட்டது. அலமாரியில் வைத்த வரிசை தத்துவமாகிவிட்டது!

பிற்பாதி லத்தீன். ‘டேட்டா’ என்றால் கொடுக்கப்பட்டவை. நம் ‘தரவு’ம் ‘தா’ என்பதிலிருந்து வந்ததுதான், தரப்படுவது தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர் உண்டு. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் அடிக்கடி அமைவதில்லை. இரண்டு பாதியையும் ஒட்டி, தரவைப் பற்றிய தரவு என்ற பொருளில் 1968இல் எழுதியவர் கணினித் துறையைச் சேர்ந்த பிலிப் பேக்லி.

ஒளிப்படத்துக்குள் இது மூன்று பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது. கேமரா தானாக எழுதுவது எக்ஸிஃப்: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, லென்ஸ், எடுத்த நேரம். 1995இல் ஜப்பானில் வகுத்த முறை இது. இதில் நேர மண்டலத்தைக் குறிக்க 2016 வரை முறையான இடமே இல்லை என்பது வேடிக்கை. மண்டலம் இருக்கட்டும், இரண்டு கேமராக்களின் கடிகாரம் ஏழு நிமிடம் முன்பின்னாக இருந்ததால், ஒரு நிகழ்ச்சியின் முடிவு அதன் தொடக்கத்துக்கு முன்னால் வந்து நின்ற வரிசையை நானே ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து சரிசெய்திருக்கிறேன். மனிதர் எழுதுவது ஐபிடிசி: தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், எடுத்தவர் பெயர், காப்புரிமை. செய்தி நிறுவனங்களின் தேவைக்காகப் பிறந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே வடிவில் எழுதிவைக்க அடோபி 2001இல் கொண்டுவந்தது எக்ஸ்எம்பி.

இந்த எக்ஸ்எம்பியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கச்சாக் கோப்பு, ஒவ்வொரு கேமரா நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதம் என்பதால், மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத் தொடாமல், அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பு வைத்து அதில் எழுதும். சைட்கார் என்பார்கள்; துணைக்கோப்பு என்றால் போதும். அதை விட்டுவிட்டு ராவை மட்டும் நகர்த்தினாலோ, பெயரை மாற்றுகிறேன் பேர்வழி என்று ஒன்றில் மட்டும் கை வைத்தாலோ ஜோடி பிரிந்துவிடும். தரம் பிரிக்கப் போட்ட நட்சத்திரம், குறிச்சொல், வண்ணத் திருத்தம் எதுவும் கூட வராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘படக்குறிப்பு’ ஆகாது, அது படத்துக்குக் கீழே போடும் வரியைக் குறிக்கிறது, அதாவது ஐபிடிசியின் ஒரே ஒரு கட்டம். ‘மேனிலைத் தரவு’ என்றால் ஏதோ உயர்ந்த ரகத் தரவு போலத் தொனிக்கிறது. மிச்சம் இருப்பது ‘மீத்தரவு’. இதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மீ என்றால் மேல். மீயொலி, மீக்கணினி என்று ‘அளவு கடந்த’ என்ற பொருளுக்கும் அதையே செலவழித்துவிட்டோம். ஆனாலும் சுருக்கமாக இருக்கிறது, புழக்கத்திலும் வந்துவிட்டது. என் ஓட்டு அதற்கே. ‘மீதரவு’ என்று எழுதினால் பிழையா என்று கேட்பவர்களுக்கு: மீ முன் வல்லினம் இயல்பாகவும் வரும், மிகவும் செய்யும் என்கிறது நன்னூல். இரண்டும் சரி.

சொல் புதிது, பொருள் நமக்குப் பழையது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’ என்ற புறநானூற்றுப் பாட்டில் பாரியின் பெயர் எங்கும் இல்லை. தந்தையையும் குன்றையும் இழந்தவர்கள் என்பது மட்டும் தெரியும். பாடியவர்கள் பாரி மகளிர், திணை பொதுவியல், துறை கையறுநிலை என்பதெல்லாம் பாட்டோடு சேர்ந்து வந்த குறிப்பு. அசல் மீத்தரவு அதுதான். குறிப்பில் பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் குறுந்தொகை சாட்சி. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று எழுதியவர் யாரென்று தெரியாததால், பாட்டுக்குள் இருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குச் செம்புலப் பெயனீரார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.