மூட்டை கட்டிவிட்டுச் செய்யும் ஜெபம்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஊழியத்தில் இருக்கிறேன். "தேவசித்தம் என்னவென்றே தெரியவில்லை, நீங்கள் ஜெபித்துச் சொல்லுங்கள்" என்று பலர் வருகிறார்கள். அரை மணி நேரம் அவர்களைப் பேசவிட்டால் போதும். சித்தம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் தூக்கம் போயிருக்கும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழிலில் கூட்டுச் சேர அவருக்கு அழைப்பு வந்திருந்தது. நல்ல லாபம். ஆனால் அங்கே இரண்டு கணக்குப் புத்தகங்கள், ஒன்று உண்மைக்கு, ஒன்று வரிக்கு. இரண்டாவதில் இவரும் கையெழுத்துப் போட வேண்டும். "இத்தனை வருடம் ஜெபித்தேன், இப்போதுதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. கர்த்தர் திறந்த கதவுதானே?" என்றார். பழைய வேலையை ஏற்கெனவே விட்டிருந்தார், முன்பணமும் கட்டியிருந்தார்.

நான் கேட்டது இதுதான்: "கர்த்தர் 'வேண்டாம்' என்று சொல்ல நினைத்தால், எந்த வழியாகச் சொல்வார்? அப்படி ஒரு வழியையாவது விட்டுவைத்திருக்கிறீர்களா?" அவர் வெகுநேரம் பேசவில்லை.

எரேமியா 42ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசித்தேன். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த பிறகு, மீதியாயிருந்த ஜனங்கள் எரேமியா தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதற்குக் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முந்தின அதிகாரத்தின் முடிவில், அவர்கள் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு பெத்லகேமுக்கு அருகே தங்கியிருந்ததாக எழுதியிருக்கிறது. மூட்டை கட்டியாயிற்று, பயணமும் தொடங்கியாயிற்று. பத்து நாள் கழித்து, "இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள்" என்று பதில் வந்ததும், "நீ பொய் சொல்லுகிறாய்" என்று எரேமியாவைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவருடைய எழுத்தனான பாரூக்தான் அவரைத் தூண்டிவிட்டான் என்றும் பழி போடுகிறார்கள். கடைசியில் எரேமியாவையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்கே போனார்கள்.

ஆலோசனை அறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாம் கேட்க விரும்பாத பதில் வந்துவிட்டால், சொன்னவர்மேல் குறை காண்கிறோம். வேறொரு போதகரைத் தேடுகிறோம், வேறொரு 'வார்த்தை' கிடைக்கும்வரை வேதத்தைப் புரட்டுகிறோம். உபவாசம்கூட, பதிலைக் கேட்பதற்காக இல்லாமல் பதிலை மாற்றுவதற்காக நடக்கிறது. ஒருவர் தன் விருப்பத்தைக் காணிக்கையால் மூடுவதும் உண்டு. லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகத் தருவேன், ஊழியத்தைத் தாங்குவேன் என்பார். எல்லாவற்றையும் அழிக்கும்படி வந்த கட்டளையை மீறிய சவுல் ராஜாவும், அமலேக்கியரின் முதல்தரமான ஆடுமாடுகளை ஜனங்கள் பலியிடத்தான் தப்பவைத்தார்கள் என்றான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னது அந்த இடத்தில்தான்.

இவ்வளவு சொல்வதால், ஆசைப்படுவதே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசையை அடக்கிப் புதைத்துவிட்டு, 'எனக்கு ஒன்றும் வேண்டாம், கர்த்தர் விட்ட வழி' என்று சிரித்துக்கொண்டு வருகிறவர்களுக்காகவும் கவலைப்படுகிறேன். புதைத்தது சில வருடங்களில் கசப்பாக வெளியே வருகிறது. சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று முதலில் கேட்டார். அதன் பிறகுதான் 'ஆயினும் உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்பது வருகிறது. அந்த முதல் பாதியை வாய்விட்டுச் சொல்லாதவர்களுக்கு, இரண்டாம் பாதி வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'கீழ்ப்படி' என்ற வார்த்தையைத் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். அடிவாங்கும் மனைவியிடம், "சகித்துக்கொள், அதுதான் கீழ்ப்படிதல்" என்று சொல்லப்பட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். "எனக்குக் கர்த்தர் வெளிப்படுத்தினார், இவரைத்தான் நீ கட்டிக்கொள்ள வேண்டும்" என்ற மிரட்டலால் உடைந்துபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில், தேவனுடைய மனுஷன் தனக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளையை விட்டுவிட்டு, 'ஒரு தூதன் சொன்னான்' என்ற கிழத் தீர்க்கதரிசியின் பேச்சை நம்பினான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று அப்போஸ்தலர் சொன்னதும் மதத் தலைவர்களுக்கு முன்னால்தான். வீட்டில் வன்முறை நடந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், சட்ட உதவியை நாடுங்கள். அப்படிப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

அந்த மனிதர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கூட்டுத் தொழிலிலிருந்து விலகிவிட்டார். முன்பணத்தில் ஒரு பகுதி போயே போய்விட்டது. புது வேலை இன்னும் அமையவில்லை. "சமாதானம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்தான் வருகிறது. 'உம்முடைய சித்தம்' என்று சொல்ல வாய் வரவில்லை" என்றார்.

அவருக்கு மத்தேயு 26:44ஐக் காட்டினேன். இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்று அதில் இருக்கிறது. "அவரே மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறார், ஐயா. இன்றைக்கு நீங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் உட்காருவோம்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தான் இழந்ததை ஒவ்வொன்றாகக் கர்த்தரிடம் சொல்ல ஆரம்பித்தார்.