ட்ரைலோபைட்டின் கால்களைக் காப்பாற்றிய சேறு

நண்டு சாப்பிட்டு முடித்த இலையில் ஓடு மட்டும் மிஞ்சியிருக்கும். நண்டையே பார்த்திராத ஒருவர் கையில் அந்த ஓட்டைக் கொடுத்து, இது எப்படி நடந்தது, எதால் மூச்சுவிட்டது, முட்டையை எங்கே வைத்திருந்தது என்று கேட்டால் என்ன சொல்வார்? ட்ரைலோபைட் விஷயத்தில் தொல்லுயிரியலாளர்கள் நெடுங்காலம் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

ட்ரைலோபைட்டுகள் கடலில் வாழ்ந்த கணுக்காலிகள், அதாவது நண்டு, இறால், பூச்சி சேர்ந்த பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகளில் தென்படத் தொடங்கி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துபோயின. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்கள். இத்தனை கிடைப்பதற்குக் காரணம் அவற்றின் முதுகோடு. அது கால்சைட்டால் ஆனது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கனிமம், எளிதில் அழியாது. இறாலைப் போல இவையும் சட்டை உரித்து உரித்து வளர்ந்தவை என்பதால், ஒரே விலங்கு தன் வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுச்சென்றிருக்கும்.

ஆனால் கால், உணர்கொம்பு, செவுள், குடல் எதிலும் கால்சைட் கிடையாது. வயிற்றுப்பக்கத்தில் பெரும்பாலும், இறாலின் கால்தோலைப் போன்ற மெல்லிய உறைதான். செத்தால் சீக்கிரமே அழுகி உதிர்ந்துவிடும். அந்த 20,000 இனங்களில் கால்களோடு தெரிந்தவை சில டஜன்தான்.

முதலில் இதை விடாப்பிடியாகத் துரத்தியவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் சார்ல்ஸ் வால்காட். 1870களில் நியூயார்க் மாநிலத்தில், டிரென்டன் அருவிக்கு அருகே கிடைத்த சுண்ணாம்புக்கல்லில் சுருண்டு கிடந்த ட்ரைலோபைட்டுகளை அவர் மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டல்ல, இரண்டாயிரத்துக்கும் மேல். சிலவற்றில் மட்டும் கால்களின் குறுக்குவெட்டு தெரிந்தது. ஒரு வாழைத்தண்டு வில்லையைப் பார்த்து முழு வாழையையும் கற்பனை செய்வது போன்ற வேலை அது. ஆனாலும் ட்ரைலோபைட்டுக்குக் கணுக்கணுவான கால்கள் உண்டு என்பதை அவர் நிலைநாட்டிவிட்டார்.

முழுக் கால்கள் அதே மாநிலத்தில், ரோம் என்ற ஊருக்கு அருகே ஓர் ஓடைக்கரையில் இருந்தன. வில்லியம் வேலியன்ட் என்பவர் அந்தப் பகுதியில் உணர்கொம்போடு கூடிய ட்ரைலோபைட் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது எந்தப் படுகையிலிருந்து வந்தது என்று வருடக்கணக்கில் தேடினார். 1892இல் கண்டுபிடித்தார். கறுப்புக் களிப்பாறை அடுக்குகளுக்கு நடுவே சுமார் 4 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரே ஒரு படலம். மேலேயும் கீழேயும் சாதாரணப் பாறை. இந்த நான்கு விரல்கடைகூட இல்லாத படலத்தில் மட்டும் பொன்னிறமாக மின்னும் ட்ரைலோபைட்டுகள், ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் நீளம், தலைக்கு முன்னால் முடி போன்ற இரண்டு கொம்புகளோடு. பெயர் ட்ரையார்த்ரஸ்.

அடுத்த ஆண்டே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் மாத்யூ முதல் விவரணையை வெளியிட்டார். அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பீச்சர் வந்தார். டன் கணக்கில் பாறையை வெட்டி யேலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு விலங்காகக் கையாலேயே பாறையைச் சுரண்டி வெளியே எடுத்தார். பத்து வருடத்துக்கும் மேல் அதே வேலை. 1904இல், 47 வயதில், எடுத்த வேலை முடியாமலே திடீரென்று இறந்துபோனார். அந்தப் படுகைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் படுகை இருந்த இடமே பிறகு மறந்துபோனது. 1984இல் அதை மறுபடி கண்டுபிடித்தவர்கள் டாம் வைட்லி, டான் கூப்பர் என்ற இரு சேகரிப்பாளர்கள். தொல்லுயிரியல் அவர்களுடைய தொழில் அல்ல, விருப்பம். இந்தத் துறை ஆர்வலர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, நாலைந்து நாளில் அழுகிப்போக வேண்டிய கால்கள் 45 கோடி ஆண்டு எப்படித் தாங்கின? அழுகாமல் ஏதோ தடுத்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அழுகிய விதமே அவற்றைக் காப்பாற்றியது.

அந்த 45 கோடி ஆண்டுக்கு முந்தைய, ஆர்டோவீசியன் எனப்படும் காலத்துக் கடலின் சரிவான அடித்தரையில் ட்ரையார்த்ரஸ் கூட்டம் ஊர்ந்துகொண்டிருந்தது. சரிவின் மேலிருந்து கலங்கிய சேறு ஒரே வீச்சில் இறங்கி அவற்றை மூடிவிட்டது. சேற்றுக்குள் ஆக்சிஜன் வேகமாகத் தீர்ந்துபோகும். அங்கே ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். நாம் உணவை எரிக்க ஆக்சிஜனைப் பயன்படுத்துவது போல, இவை கடல்நீரில் தாராளமாகக் கரைந்திருக்கும் சல்ஃபேட்டைப் பயன்படுத்துகின்றன. கழிவாக வெளிவருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உப்பங்கழியில் கறுத்த சேற்றை மிதித்தால் குப்பென்று எழும் அழுகிய முட்டை வாடை இருக்கிறதே, அது இந்த வாயுதான்.

இந்த வாயு இரும்பைச் சந்தித்தால் இரும்பு சல்ஃபைடு உருவாகும். அதுவே பைரைட்டாகப் படியும். பார்க்கத் தங்கம் போலவே இருந்து பலரை ஏமாற்றிய கனிமம் இது. பாக்டீரியா காலைத் தின்னத் தின்ன, தின்ற இடத்திலேயே பைரைட் படிந்தது. கால் குலைவதற்குள் கால் வடிவில் கனிமம் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் கறுப்புச் சேறு உலகமெங்கும் இருக்கிறது, அதில் இரும்பும் சல்ஃபேட்டும் இருக்கின்றன. பிறகு ஏன் எல்லா இடத்திலும் இப்படிக் கிடைப்பதில்லை? டெரெக் பிரிக்ஸ், சைமன் பாட்ரெல், ராபர்ட் ரைஸ்வெல் மூவரும் பீச்சர் படுகையின் வேதியியலை ஆராய்ந்து 1991இல் விடை சொன்னார்கள். அந்தச் சேற்றில் கரிமப்பொருள், அதாவது செத்த உயிர்களின் மிச்சம், மிகக் குறைவு; வினைபுரியக்கூடிய இரும்பு மிக அதிகம். அதாவது பாக்டீரியாவுக்குச் சுற்றுவட்டாரத்தில் வேறு தீனி இல்லை.

வீடு முழுக்கச் சர்க்கரை சிந்திக் கிடந்தால் எறும்பு எங்கும் பரவும். துடைத்துவிட்ட தரையில் ஒரே ஒரு வெல்லக்கட்டி கிடந்தால் எல்லா எறும்பும் அதைத்தான் மொய்க்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே கட்டியின் வடிவம் எறும்பாலேயே தெரியும். கரிமப்பொருள் நிறைந்த சேற்றில் சல்ஃபைடு எங்கும் உருவாகி, இரும்பை அங்கங்கேயே பிடித்து, பொடிப்பொடியாகச் சிதறிவிடுகிறது. பீச்சர் படுகையில் ட்ரைலோபைட் உடல்தான் ஒரே வெல்லக்கட்டி. சல்ஃபைடு அங்கே மட்டும் வந்தது. சுற்றிலும் கரைந்திருந்த இரும்பு அங்கே போய்ப் படிந்தது. வளமான சேறாக இருந்திருந்தால் ஒரு காலும் மிஞ்சியிருக்காது. இந்தப் படுகையைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

பைரைட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. களிப்பாறையைவிட அது எக்ஸ்ரே கதிர்களை அதிகம் தடுக்கும். கல்லை உடைக்காமலே உள்ளே பார்க்கலாம். 2021இல் ஹோ ஜின்போ, நைஜல் ஹியூஸ், மெலனி ஹாப்கின்ஸ் மூவரும் ட்ரையார்த்ரஸ் கால்களை சிடி ஸ்கேன் செய்து, தலைமுடியைவிட மெல்லிய இழைகளின் உள்வடிவத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ட்ரைலோபைட் கால் ஒவ்வொன்றும் இரண்டு கிளையாகப் பிரியும்; கீழ்க்கிளை நடக்க, மேல்கிளையில் சீப்பு போல இழைகள். அந்த இழைகள் நீந்தவா, மூச்சுவிடவா என்று நீண்ட காலமாக வாதம் நடந்தது. ஸ்கேனில் தெரிந்த இழைகள், உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் டம்பெல் போல, ஓரத்தில் புடைத்து நடுவில் ஒடுங்கியிருந்தன. இன்றைய நண்டு, இறால் செவுள்களை ஒத்த அமைப்பு. ஆக, ட்ரைலோபைட் காலால்தான் மூச்சுவிட்டது.

முட்டைகூடக் கிடைத்துவிட்டது. 2017இல் தாமஸ் ஹெக்னா, மார்க்கஸ் மார்ட்டின், சைமன் டாரக் ஆகியோர் அதே பகுதிப் பாறையில், ட்ரையார்த்ரஸின் தலையோட்டு மூலைக்கு அடியில் கொத்தாக இருந்த முட்டைகளை விவரித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

மென்பாகங்கள் தங்குவதற்குப் பைரைட் மட்டும்தான் வழி என்றில்லை. மொராக்கோவில் எரிமலைச் சாம்பல் கடலுக்குள் பாய்ந்து, 50 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ட்ரைலோபைட்டுகளை நின்ற நிலையிலேயே மூடியது. உடல் மறைந்தாலும் சாம்பலில் அச்சு அப்படியே தங்கிவிட்டது. வாய்க்கு மேலிருந்த சதைப்பற்றுள்ள உதடுவரை முப்பரிமாணத்தில் தெரிகிறது. செக் நாட்டில் ரோகிட்சனி அருகே 1908இல் கிடைத்த ஓர் உருண்டைக்கல்லோ நூறு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, 2023இல் ஒரு ட்ரைலோபைட்டின் கடைசிச் சாப்பாட்டைக் காட்டியது. சின்னச் சின்ன ஓடுடலிகளின் துண்டுகள் குடல் நிறைய அடைந்திருந்தன.

இத்தகையவற்றைத் தேடுகிறவர்களின் வேலை பெரும்பாலும் பொறுமைதான். களிப்பாறையை ஏடு ஏடாகப் பிளந்து, ஒவ்வோர் ஏட்டையும் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கால்கள் ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். தலைக்கு முன்னால் நீளும் மெல்லிய இரண்டு கோடுகள்தான் அடையாளம். கண்டதும் சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும்; அங்கேதான் பல நல்ல மாதிரிகள் பாழாகின்றன. பிளந்த இரண்டு பாதியையும் எடுத்துவைத்து, எந்தப் படலம், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எழுதி, எக்ஸ்ரே எடுத்த பிறகே, மென்துகளைப் பீய்ச்சிப் பாறையை அரித்தெடுக்கும் கருவியைத் தொட வேண்டும். குறிப்பு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி ஊமைதான். கனடாவின் பர்ஜஸ் களிப்பாறை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. சந்தையில் ஒட்டுவேலைகளும் உண்டு. உணர்கொம்பைப் பாறையில் செதுக்கியோ வண்ணத்தால் வரைந்தோ விற்கிறார்கள். எக்ஸ்ரேயில் அந்தக் கோடு பாறைக்குள் தொடராது.

எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. பாறைக்குள் இருந்தவரை அந்தப் பைரைட்டுக்கு ஆக்சிஜன் எட்டியதில்லை. வெளியே வந்ததும் ஈரக்காற்று பட்டால் அது இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறத் தொடங்கும். முதலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூக்கும், அப்புறம் காலே உதிர்ந்துவிடும். அதனால் காற்றுப்புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடுதான் ட்ரையார்த்ரஸை வைக்கிறார்கள். பொட்டலம் நிறம் மாறிவிட்டதா என்று யாராவது ஒருவர் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.